தேடினால் வருகிற பெயர்

கலவானையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரத்துப் பெண் போனைக் காட்டிச் சொன்னாள்:

“எங்கப்பா பேரு ஜெர்மன்காரங்க ஆராய்ச்சிக் கட்டுரையில வந்திருக்குடி.”

“நீ ஸ்கூல்ல நாலாம் ஆண்டு படிக்கிறப்ப விட்டுட்டுப் போனாரே, அவரா? அவருக்கும் ஆராய்ச்சிக்கும் என்னடி?”

“ரெண்டு வருஷமா தோட்டத்து ஓடையில தண்ணி அளந்தேன்ல, அந்த டேட்டாவ எல்லாரும் பாவிக்கட்டும்னு நெட்ல போட்டேன். ஃபாரத்துல குடும்பப் பேரு கேட்டுச்சு. நமக்கு ஏது குடும்பப் பேரு? அப்பா பேரப் போட்டேன். பாவிக்கிறவங்க எல்லாம் இப்ப சின்னையான்னுதான் எழுதுறாங்க. என் பேரு ஒத்த எழுத்தா பின்னால நிக்குது.”

“ஓடையில எறங்கி அட்டைக்கடி வாங்கினது நீ, பேரு அவருக்கா? மாத்தச் சொல்லேன்.”

“ஒரு மெயில் போட்டா மாத்திருவாங்க.”

“அப்ப போடேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. பதிலைக் கேட்காமல் எப்படி இறங்குவது?

“அவரு என்னைக்காவது தன் பேரத் தேடிப் பாத்தா, இதுதான்டி வரும். கீழ என் மெயில் அட்ரஸ் இருக்கு.”