பச்சை விளக்குகள் எரிந்த கொட்டகை

ஓசூரில் புரட்டாசி மழையை நம்பி ஒரு வேலையும் தொடங்கக் கூடாது, ஐயா. வெயில் அடிக்கிறதே என்று துணி காயப்போட்டால், அள்ளுவதற்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

என் பெயர் கமலக்கண்ணன். சிப்காட்டில் எங்கள் கம்பெனியின் மின்பிரிவு என் பொறுப்பு. பெட்ரோல் விலை ஏறியதும் பேக்கிங் பெண்கள் பலர் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார்கள். அங்கேயே வேலை பார்த்த என் மனைவி மணிமேகலையும் வாங்கினாள். லைசென்ஸ் வேண்டாம் என்பதில் அவளுக்கு அத்தனை குஷி. அந்த வண்டிகளுக்குச் சார்ஜ் போட ஒரு கொட்டகை வேண்டும் என்று திட்டம் வரைந்து கொடுத்தவன் நான். ஆயுத பூஜையன்று திறப்போம், நன்றாக ஓடினால் பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி என்று ஊரெல்லாம் போடலாம் என்றார் முதலாளி. அதுவரை பல்பு மாட்டுகிறவன் என்றுதான் என்னை அவருக்குத் தெரியும்.

அடியில் முழுக்கப் பாறை. எர்த் கம்பி சரியாக இறங்கவில்லை. சாரல் பட்டாலே, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து, சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பச்சை விளக்கெல்லாம் அணைந்தது. எலக்ட்ரீஷியன் எல்லப்பன் என்னிடம் வந்தான்.

"சார், வேற எடத்துல குழி தோண்டி எர்த் போட்டுக்கலாம் சார். தெறப்பைக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கச் சொல்லுங்க."

பூஜை முடியட்டும் என்றேன். அவன் வீட்டுக்குப் போனபின் ட்ரிப் சுவிட்சைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்தது நான்தான்.

பூஜையன்று வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்காமல் யாரும் இருக்கமாட்டார்கள். மணிமேகலை தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, ப்ளக்கைப் புடுங்கிட்டுக் கழுவட்டுமா?"

"வேணாம் மணி. மொதலாளி வர்றப்ப எல்லாத்துலயும் பச்சை வெளக்கு எரியணும். ஏதாச்சும் ஆனா கரண்ட் தானா நின்னுடும்."

"நீங்க போட்டதுதானே, அப்புறம் என்ன பயம்" என்று சிரித்தாள்.

முதலாளி கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். மணிமேகலையின் கை கொட்டகையின் இரும்புத் தூணோடு ஒட்டிக்கொண்டதை நான் ஒருவன்தான் பார்த்தேன். மெயின் சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இறக்கினால் பச்சை விளக்கு அத்தனையும் அவர் கண்முன்னால் அணையும். கற்பூரம் எரிந்து முடியட்டும் என்று நின்றேன். சின்னக் கற்பூரம்தான்.

ஒயரை மாற்றியது எல்லப்பன் என்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னதும் நான்தான். பாவம், பிள்ளைகுட்டிக்காரன், அவனை விட்டுவிடுங்கள். வீட்டில் சுண்டலுக்கு அவள் ஊறப்போட்ட கடலை முளைவிட்டுக் கிடக்கிறது. அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் மெயினை இறக்கியிருந்தால் அவளே என்னைக் கோபித்துக்கொண்டிருப்பாள். நாலு பேர் முன்னால் நான் தலைகுனிந்து நிற்பதை அவள் தாங்கவே மாட்டாள்.