ரெண்டு தரம் பிறந்தவர்

பரந்தனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர், பக்கத்திலிருந்த தங்கச்சியிடம் கேட்டார்:

“எங்கடை ஐயா எத்தினை தரம் பிறந்தவர்?”

“என்ன கதை அண்ணை இது?”

“போன முறை கொழும்பிலை பழைய புத்தகமெல்லாம் கிண்டி, ஐயாவின்ரை பிறப்புப் பதிவை எடுத்து வந்தனான். ஓரத்திலை, ஆறு மாதத்திலை செத்தது எண்டு எழுதிக் கிடக்கு. அப்ப நீர் ஆரின்ரை பிள்ளையெண்டு, காணியை எங்கடை பேருக்கு மாத்தப் போன கந்தோரிலை கேக்கிறாங்கள்.”

“அது ஐயாவின்ரை தமையனெல்லே. பிள்ளை செத்தால் அதின்ரை பேரைத்தானே அடுத்ததுக்கு வைக்கிறது.”

“அதை முந்தியே சொல்லியிருக்கலாம். இப்ப திரும்பவும் கொழும்புக்கு ரயில் ஏறப்போறன்.”



“ஐயாவின்ரை பதிவு கிடைச்சாலும் மற்றதை எறியாதேங்கோ அண்ணை,” என்றாள். “அந்தப் பிள்ளை இருந்ததுக்கு அது ஒண்டுதான் கிடக்கு.”