அப்புறம் என்ன ஆனது

இந்த நாற்காலி பரவாயில்லை. முதுகுக்கு ஒத்தாசையாக இருக்கிறது. எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எனக்குக் கொடுத்திருந்த நாற்காலிக்கு ஒரு கை கழன்று, ஒன்பது வருடம் அப்படியே கிடந்தது. அதில் உட்கார்ந்துதான் போன் எடுத்தேன். "ஆம்புலன்ஸ் சேவை, எங்கிருந்து பேசறீங்க?" தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வாயில் அதுதான் வரும்.

நீங்கள் கேட்டது அந்த கேமைப் பற்றி. என் கம்ப்யூட்டரை எடுத்துப்போனவர்கள் பார்த்துச் சிரித்திருப்பார்கள். என் வேலையையே கேமாகச் செய்து விற்கிறார்கள். போன் மணி அடிக்கும். எடுத்து, திரையில் வரும் கேள்விகளை வரிசையாகக் கேட்டு, வரைபடத்தில் பக்கத்தில் நிற்கும் வண்டியை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரருக்கு நாற்பது வயதிலேயே தலை முழுக்க நரை. அதனால் அவரை நாங்கள் தாத்தா என்போம். "இங்க எட்டு மணி நேரம் மாரடிக்கறது பத்தலையாப்பா உனக்கு?" என்றார் அவர். வீட்டில் அக்கா இன்னும் அழகாகச் சொன்னாள்: "நாள் பூரா ஓட்டல்ல சமைச்சவன் வீட்டுக்கு வந்து சொப்பு வெச்சு விளையாடின கதைதான் போ."

இரண்டு பேருக்கும் அது புரியவில்லை. லாரி ஓட்டும் கேம், வீடு கழுவும் கேம், புல் வெட்டும் கேம் என்று எத்தனையோ பேர் விளையாடுகிறார்களே, எல்லாருக்குமா பைத்தியம்? அதில் தரையைக் கழுவினால் தரை சுத்தமாகும். கழுவின கையோடு யாரும் செருப்புக்காலோடு வந்து மிதிக்க மாட்டார்கள். வேலை முடிந்தது என்று ஒரு வரி வரும். உங்கள் வேலையில் அப்படி ஒரு வரி வருகிறதா? இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

எனக்கு வராது. வண்டி போய்ச் சேர்ந்ததும் லைன் கட்டாகிவிடும். அப்புறம் என்ன ஆனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை ஒரு பெண் கூப்பிட்டாள். கணவர் குளியலறையில் விழுந்து கிடக்கிறார், பேச்சுமூச்சில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்துங்க, விடாதீங்கம்மா" என்று நான் எண்ண எண்ண, அவள் அவர் நெஞ்சை அழுத்தினாள். பன்னிரண்டு நிமிடம். யாரோ உள்ளே ஓடிவரும் சத்தம் கேட்டது. கட்.

மேற்பார்வையாளரிடம் போய் விசாரித்தேன். "அது நம்ம வேலை இல்ல. அடுத்த போனை எடு" என்றார். ஆஸ்பத்திரிக்கே போனேன். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். நான் என்ன உறவு? அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதுகூட ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கான பேரோடு பேசியிருக்கிறேன். ஒருவராவது பிழைத்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

கேமில் தெரியும். "நோயாளி பிழைத்தார்" என்று பச்சை எழுத்தில் வரும். சில மாதம் அதுதான் என்னை நடமாட வைத்தது. பிறகு அதுவும் கைவிட்டது. கேமில் இருப்பவர்களுக்கு மூச்சு வாங்குவதில்லையே.

அக்காவுக்கு வாங்கும். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். கொடுத்துக்கொண்டிருந்தாள். கனத்த துணிக்கட்டைப் பிரித்துக் கத்தரிக்க ஆரம்பித்தால் பஞ்சு பறக்கும். கொஞ்ச நேரத்தில் இழுப்பு வந்துவிடும். இன்ஹேலரை இரண்டு முறை உறிஞ்சினால் அடங்கும். போன வருடம் ஒருநாள் இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அது தானாக நடந்தது, அதில் என் கை இல்லை. மதியம், தாத்தா சாப்பிடப் போயிருந்தார், போனுக்கு நான் மட்டும்தான். எடுத்தால் அக்கா.

"தம்பி... நீயாடா?"

"நிமிர்ந்து உட்காருங்க. ஜன்னலைத் திறந்து வைங்க."

"என்னடா... என்னைப் போய்... நீங்க வாங்கங்கற."

யாராக இருந்தாலும் மரியாதையோடு பேச வேண்டும் என்பது எங்கள் விதி. வண்டி ஆறு நிமிடத்தில் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அக்கா. "நீ பேசிக்கிட்டே இருந்தியே, அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான்டா கரையேறினேன்" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று விக்கி விக்கி அழுதேன். தன்னை நினைத்து அழுகிறேன் என்று அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் அழுதது அதற்கில்லை. முதல் முறையாக ஓர் அழைப்புக்கு அப்புறம் என்ன ஆனது என்று கண்ணால் பார்த்துவிட்டேன். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஐந்து மாதம் அது தாங்கியது. பிறகு ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகள். ஒன்று கிணற்றில் விழுந்தது, ஒன்றுக்குத் தொண்டையில் காசு சிக்கியது, இன்னொன்றுக்கு என்ன என்றே தாயால் சொல்ல முடியவில்லை. மூன்றும் கட். மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டேன். அக்காவிடம் அடுத்த துணிக்கட்டு என்றைக்கு வருகிறது என்று கேட்டேன். புதன்கிழமை என்றாள்.

புதன்கிழமை காலையில் அவள் இன்ஹேலரையும், அலமாரியில் இருந்த இன்னொன்றையும் எடுத்து, வாசல் பக்கச் சுவரில் தொங்கும் என் மழைக்கோட்டின் பைக்குள் போட்டேன். வெளியே எடுத்துப்போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கெடுதல் நினைத்திருந்தால் சாக்கடையில் எறிந்திருப்பேன். அன்றும் வண்டி சரியாகப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் இரண்டையும் பழைய இடத்தில் வைத்தேன். அவள் பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணும் அவிஞ்சுபோச்சு போலிருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளைவிட நான்தான் அன்று பிழைத்துக்கொண்டேன் என்று தோன்றியது.

மூன்றாவது தடவை, போன மாதம். தாத்தா சாப்பிட எழுந்து போன கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் நின்ற வண்டியைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அக்காவுக்காக நிறுத்திவைத்திருக்கலாம். நிறுத்தவில்லை. வேலையில் நான் ஓரவஞ்சனை செய்ததே கிடையாது. அடுத்த போன் அக்கா. அடுத்த வண்டி பதினாலு நிமிடத் தொலைவில் இருந்தது.

"ரெண்டும் காணோம்டா... எல்லா இடமும் பாத்துட்டேன்."

"பதறாதீங்க. வண்டி வந்துகிட்டிருக்கு. கதவுத் தாழை எடுத்துட்டு, அங்கேயே சுவர்ல சாய்ஞ்சு உட்காருங்க."

அவள் உடம்பை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது.

"உட்கார்ந்துட்டேன்... நீ லைன்ல இருக்கேல்ல?"

"இருக்கேன்."

"அப்ப சரி... பயமில்ல."

கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். உதடு நீலமாகுதா? ஒரே மூச்சில எத்தனை வார்த்தை பேச முடியுது? ஆறாவது கேள்விக்கு அவளுக்குப் பேச வரவில்லை. சுவரை விரலால் தட்டினாள். எட்டாவதுக்குத் தட்டவும் இல்லை. நான் நிறுத்தவில்லை. ஆட்கள் உள்ளே வரும்வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். பதிவைப் போட்டுப் பாருங்கள், என் குரல் ஓரிடத்தில்கூடத் தடுமாறியிருக்காது.

மழைக்கோட்டு அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. 'கோட்டுப் பையில இருக்கு.' மூன்றே வார்த்தை. அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அது என் நாக்கு நுனியில் நின்றது. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் சொல்லவில்லை என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. சொல்லியிருந்தால் அக்கா கையை நீட்டி எடுத்து, இரண்டு முறை உறிஞ்சி, வண்டி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கும் தைத்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அப்போது அவளைக் காப்பாற்றியது நான் என்று ஆகாதே.