ஸ்டிக்கைக் கட்டிய கயிறு

இல்ல சார், ஹோல்கர் வரமாட்டார். புல்லு வெட்டிட்டு இருக்கார். நவம்பர்ல எவனாவது புல்லு வெட்டுவானான்னு என்னைக் கேக்காதீங்க. பக்கத்து ஃப்ளையிங் கிளப்புலேந்து விபத்தை விசாரிக்க ஆள் வருதுன்னு தெரிஞ்ச நிமிஷத்துலேந்து என் வீட்டுக்காரர் வெட்டிட்டே இருக்கார். என்கிட்ட கேளுங்க. இருபத்திரண்டு வருஷமா அந்த விமானத்தோட இறக்கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தவ நான்.

ஆமா, நடந்துதான். மேல போயிட்டா அதுக்கு அவர் போதும். தரையில, எங்க யூட்லாந்துக் காத்துல, அது விரிச்ச குடை. அவர் உள்ள ராஜா கணக்கா உக்காந்திருப்பார், நான் இறக்கைக் கம்பியில தொங்கிக்கிட்டே போவேன். கிளப்புல கேட்டா, தனியாத்தான் கொண்டுவந்தேம்பார்.

சர்க்கரை அங்க இருக்கு.

பாடம் ஒண்ணும் பெருசில்ல. நிறுத்தி வெச்சா, ஓட்டறவர் பிடிக்கிற ஸ்டிக்கைக் கயிறால கட்டணும், வாலை ஏத்தி இறக்கறது அதுதான். காத்து எதிர்ல வந்தா பின்னால, வயித்துப் பக்கம் இழுத்துக் கட்டணும். பின்னாலேந்து வந்தா முன்னால தள்ளிக் கட்டணும். மாத்திக் கட்டினா காத்து வாலுக்கு அடியில புகுந்து தூக்கிரும். எனக்கே தெரியுது, முப்பது வருஷப் பைலட்டுக்குத் தெரியாதா? மத்தபடி அவருக்குக் கயிறுன்னாலே ஆகாது. மீன்காரர் மகன்தான், ஆனா தெரிஞ்சது ஒரே முடிச்சு, கத்தி வெச்சு அறுத்தாத்தான் வரும். கிறிஸ்துமஸ் பரிசைக்கூட அப்படித்தான் கட்டுவார்.

அன்னைக்கா? எப்பவும் மூக்கைக் காத்துக்குக் காட்டித்தான் நிறுத்துவோம். அன்னைக்குப் பெட்ரோல் குழாய் எட்டலைன்னு திருப்பி நிறுத்தினார். மேற்குக் காத்து நேரா வால்ல. பம்புச் சாவி எடுக்க ஓடினார். ரெண்டே நிமிஷம். ஒரு வீச்சு வீசுச்சு. வால் எழும்பி, மூக்குல நின்னு, கொஞ்சம் யோசிச்சு, மல்லாக்கப் படுத்துருச்சு. நல்லவேளை, உள்ள ஆளில்ல. உள்ள வெச்சிருந்த, நான் சுட்ட பட்டை பன் மொத்தமும் விமானத்தோட கூரையில கிடந்துச்சு.

இப்ப கிளப் முழுக்க ஒரே பேச்சு. ஹோல்கருக்கு வயசாயிருச்சு, ஸ்டிக்கைப் பின்னால கட்டிட்டுப் போயிட்டார், இனிமே பறக்க விடாதீங்கன்னு. நாளைக்கு ஓட்டெடுப்பு. உங்க அறிக்கையைப் பாத்துட்டுத்தான் கை தூக்குவாங்க. இவரோ, ஆமா, மறந்துட்டேன்னு எழுதிக் கையெழுத்தே போட்டுட்டார். பறக்காட்டி ஞாயித்துக்கிழமை என்ன செய்வார்னு நினைக்கறீங்க? அதோ, அந்தப் புல்லுதான். இத்தனை வருஷத்துல ஒரு காபிக் கோப்பை கழுவி வெச்ச மனுஷன் இல்ல, தப்பை மட்டும் எவ்வளவு சுத்தமா எடுத்துக்கறார் பாருங்க.

நீங்க கொண்டுவந்த அந்த விபத்து போட்டோவை இப்படித் தள்ளுங்க. ஸ்டிக்குல கயிறு தெரியுதா? முடிச்சு எப்படி இருக்கு? ரெண்டு காது வெச்சு, பட்டாம்பூச்சி கணக்கா. சரி, நான் திரும்பறேன். என் ஏப்ரன் முடிச்சைப் பாருங்க.

கட்டிருன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் சாவிக்கு ஓடினார். என் கை பழக்கத்துல பின்னால இழுத்துக் கட்டிருச்சு.

எழுதுங்க சார். பேனா எழுதலைன்னா அந்த டப்பாவுல இன்னொண்ணு இருக்கு. அவரைக் கூப்பிட வேணாம். வேலிப் பக்கம் இன்னும் கொஞ்சம் புல்லு பாக்கி.