முன்னூற்று அறுபது கதவுகள்

— பூட்டின வீட்டை விட்டுட்டு, பக்கத்து வீட்டுல ரத்தம் எடுத்துக்கங்கன்னுதானே சொன்னேன், ஊசிக்காரம்மா? இத்தனை வருஷமா அப்படித்தானே நடக்குது?

— பூட்டின வீடு இல்லை, டாக்டர். திறக்காத வீடு. பூட்டின வீடுன்னா பூட்டு வெளியில தொங்கும். இது உள்ள தாழ்ப்பாள் போட்ட வீடு.

— சரி, திறக்காத வீடு. நான் சொல்றது என்னன்னா, பதிலுக்குப் போன வீடும் சேர்த்து ஆயிரம் வீட்டுக்குப் போனோம். அறுநூத்தி நாப்பது வீட்டுல, வீட்டுக்கு ஒருத்தர் விரலை நீட்டினாங்க. நூத்துக்குப் பத்து பேருக்குச் சர்க்கரை. அழகா வந்திருக்கு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.

— கிளறி எடுத்துப் பாத்தாதான் அது பதம். மேலாப்புல ஒண்ணை நசுக்கிட்டு வெந்துருச்சுன்னு இறக்கினா, அடியில கருகினது யாருக்குத் தெரியும்?

— அதுக்காக மூணு வாரமா, லீவு நாள்ல கூட, நீங்க அஞ்சு பேரும் தெருத்தெருவா அலைஞ்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.

— சொன்னா விட்டிருப்பீங்களா?

— மாட்டேன்.

— அதான் சொல்லலை.

— பன்னெண்டு மணிக்கு நகராட்சிக் கூட்டம். அறிக்கை என் கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. இப்ப வந்து நிறுத்துங்கன்னா எப்படிம்மா?

— அந்தக் கூட்டத்துலதான் ஆலைக்குப் பின்னாடி இருக்கிற சர்க்கரை நோய் கிளினிக்கை இழுத்து மூடப்போறாங்க. உங்க பத்தைக் காட்டித்தான். நோய் குறைஞ்சு போச்சாம், அந்த இடத்துல பழைய நாற்காலி அடுக்கி வைக்கலாமாம்.

— குறைஞ்சா நல்லதுதானே?

— குறைஞ்சா நல்லதுதான். மூணாவது மாடியில ஒரு வீடு, டாக்டர். மூணு தரம் போனேன். பெல் அடிப்பேன், சொன்னபடி ரெண்டு நிமிஷம் நிப்பேன், ‘ஆள் இல்லை’ன்னு எழுதிட்டு இறங்கிடுவேன். நாலாவது தரம் எனக்கே முடியலை, படியில உக்காந்துட்டேன். ஆறு நிமிஷம் கழிச்சுத் தாழ்ப்பாள் சத்தம். ஒரு அம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ‘ஒவ்வொரு தரமும் எழுந்து வர்றேன் கண்ணு, நான் வர்றதுக்குள்ள நீ போயிடுறியே’ங்கிறாங்க.

— காலா?

— பாதத்துல புண்ணு. ரெண்டு மாசமா ஆறலை. சர்க்கரை முன்னூத்திப் பத்து. அவங்களுக்குப் பதிலா பக்கத்து வீட்டுல யாரைக் கணக்குல சேர்த்தோம் தெரியுமா? ஓட்டப்பந்தயத்துக்குப் போற ஒரு பொண்ணை. பெல்லுல இருந்து நான் கையை எடுக்கலை, அதுக்குள்ள கதவைத் திறந்துருச்சு.

— அது ஒரு வீடும்மா.

— இன்னொருத்தர் பஸ் டிரைவர். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னே பேசினார். சர்க்கரைன்னு எழுதிட்டா வண்டியைப் பிடுங்கிடுவாங்கன்னு பயம். ‘பேரு வராது, வீட்டு நம்பர் வராது, ஐயா’ன்னு மூணு ஞாயித்துக்கிழமை கெஞ்சினேன். கடைசியில கதவு இடுக்குல ஒரு விரல் மட்டும் வெளியில வந்துச்சு. குத்திக்கோம்மான்னார். இன்னி வரைக்கும் அவர் மூஞ்சியை நான் பாத்ததில்லை!

— எவ்வளவு இருந்துச்சு?

— இருநூத்தி எண்பது. அந்த வாரமே கிளினிக்குக்குப் போயிட்டார். அதையும் கதவுக்குப் பின்னாடி நின்னுதான் சொன்னார்.

— சிரிப்பு காட்டாதீங்கம்மா. நான் சொல்றது என்னன்னா, இது ரெண்டு வீட்டுக் கதை. கதையை வச்சு அறிக்கையை மாத்த முடியாது.

— கதை இல்லை, காகிதக் கட்டு. இந்தாங்க, பிரிச்சுப் பாருங்க. முன்னூத்தி அறுபது கதவு திறக்காம இருந்துச்சில்ல? அதுல முன்னூறு திறந்துருச்சு.

— முன்னூறா!

— தொண்ணூறு பேருக்குச் சர்க்கரை.

— நூத்துக்கு முப்பதா? இருங்க, இருங்க. முதல்ல வந்த அறுபத்தி நாலு, இந்தத் தொண்ணூறு… தொள்ளாயிரத்தி நாப்பது பேருக்கு நூத்தி அம்பத்தி நாலு. பத்து இல்லை, பதினாறு.

— பஸ்ல வரும்போதே நாங்க போட்டுப் பாத்துட்டோம்.

— நல்லா இருக்கிறவங்க ஓடி வந்து திறந்திருக்காங்க. முடியாதவங்களும் பயந்தவங்களும் உள்ளேயே இருந்துட்டாங்க. நாம ஊரே சௌக்கியம்னு எழுதிட்டோம்.

— அந்தப் பேனாவை எதுக்கு மூடுறீங்க, டாக்டர்?

— இதுல கையெழுத்துப் போடப் போறதில்லை. அந்த போனை இப்படித் தள்ளுங்க… ஹலோ, கமிஷனர் ஐயாவா? சர்வே டாக்டர் பேசுறேன். அந்தப் பத்தைத் தூக்கிப் போட்டுடுங்க. பதினாறு… இல்லைங்க, நோய் திடீர்னு கூடலை. நாங்க எண்ணினதுதான் தப்பு… ஆமா, தப்பு என்னோடதுதான், கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன்… கண்டுபிடிச்சது என் ஊழியர்கள். அஞ்சு பேரு… அப்படியா? ரொம்பச் சந்தோஷம்… ஐயா, அப்படியே இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமையும் திறந்து வைக்கணும்… சரிங்க. சரிங்க ஐயா.

— என்ன சொன்னார்? டாக்டர், என்ன சொன்னார்?

— மூடலை.

— நிஜமாவா!

— மூடுற தீர்மானத்தையே கைவிட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் கிளினிக் உண்டு. நடக்க முடியாதவங்களைப் பாக்க வீட்டுக்கே நர்ஸ் போறதுக்கு எழுதிக் கொடுங்கன்னார்.

— மூணாவது மாடி அம்மாவுக்கு நானே போய்ச் சொல்றேன்! எத்தனை நிமிஷம் ஆனாலும் நின்னு சொல்றேன்!

— வெளியில என்னம்மா இவ்வளவு கூச்சல்? யாரு கைதட்டுறது?

— எங்க ஆளுங்க மத்த நாலு பேரும்தான். கதவுல காதை வச்சுக்கிட்டு நின்னாங்க. ஏய், உள்ள வந்துடாதீங்க, வேலை முடியலை! மீதி அறுபது கதவு இருக்கு, டாக்டர். நாளைக்குக் காலையில கிளம்புறோம்.

— அம்பத்தொம்பதுன்னு எழுதிக்கங்க.

— அறுபதுதான். ரெண்டு தரம் எண்ணினேன்.

— நான் சொல்றது என்னன்னா… உங்க கூட வர்ற பொண்ணு நாலு தரம் பெல் அடிச்சப்பவும் நான் வீட்டுக்குள்ளதான்மா இருந்தேன். ஊசியை எடுங்க.