பூமயிலு கழுத்து

...அந்த ஊசியச் சொல்றேன் ஆத்தா, ஊசிய! மஞ்சக்காமால வராம இருக்க ஊரெல்லாம் போட்டாகள்ல, அதத்தேன். காமால வரல, வாஸ்தவம். ஆனா கழுத்தப் பாரு! இங்கன... தொட்டுப் பாரு. பயப்படாத, ஒட்டாது. பனங்காய முழுங்குனவ கணக்கா இருக்கா இல்லியா?

நீ எதுக்கு ஆசுபத்திரிக்கு வந்த, பல்லா? கன்னம் வீங்கியிருக்கே... ஐயோ பாவம். நீ வாயத் தொறக்காத தாயி, வலிக்கும். நாம் பேசுறேன், நீ கேளு. என்னயவுந்தேன் டாக்டரு அதிகம் பேசாதன்னாரு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு.

போன வாரம் வந்தப்ப கழுத்த அமுக்கிப் பாத்துட்டு, "அம்மா, உள்ளுக்க தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு, வண்ணத்துப்பூச்சி மாதிரி. அது வீங்கிருச்சு"ங்குறாரு. பூச்சியாம்ல! நாப்பத்தெட்டு வருசமா கழுத்துக்குள்ள பூச்சிய வச்சுக்கிட்டுக் கஞ்சி குடிச்சிருக்கேன், ஒருத்தரும் சொல்லல! ஊசியினாலயான்னு கேட்டேன். "இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. லச்சத்துல ஒருத்தருக்கு எப்பவாச்சும் வரும். சளிக்காச்சலுக்கு அப்புறங்கூட வரும். ரெண்டு மூணு மாசத்துல தானா வத்திரும்"னாரு. லச்சத்துல ஒருத்தி! லாட்டரியில விழுகல, இதுல விழுந்திருக்கு பாரு எனக்கு.

ரெண்டு மாசம்னா யாரு பொறுக்குறது? வார செவ்வாக்கெழம எங்கூரு மொளப்பாரி! திருவாடானப் பக்கம் எந்த ஊருல வேணாலும் கேளு, பூமயிலு கொலவன்னா தனி. நான் கொலவ போட்டா கம்மாயில மேயிற மாடு திரும்பிப் பாக்கும். இருவது வருசமா நாந்தேன் முன்ன நிக்கிறேன். நான் எடுத்துக் குடுத்தாத்தேன் மத்தவளுக போடணும். நேத்துப் போட்டுப் பாத்தேன்... ம்க்கும்... லுலு... க்ர்... பாத்தியா! எம்புருசன் மூக்கையா, "கோழிய எதுவோ பிடிச்சிருச்சு"ன்னு கம்ப எடுத்துக்கிட்டு ஓடியாராரு!

நெஞ்சு வேற படபடன்னு அடிக்குது, கை நடுங்குது. அதெல்லாம் தாங்கிக்கிருவேன். எனக்குப் பதிலா சோலையம்மா முன்ன நிக்கப் போறாளாம், அதத்தேன் தாங்க முடியல! பக்கத்து வீட்டுக்காரி. அவ போடுறது கொலவயா? பஸ்ஸு பிரேக்கு! அவ போட, நான் பின்னால நின்னு கைதட்டணுமாம்...

ஊசி போட்டப்பக் குடுத்த அட்டய இன்னைக்குக் கொண்டாரச் சொன்னாரு. எனக்கு எழுத்துத் தெரியாது, சீட்டுப் போடுற சன்னல்ல அட்டயக் குடுத்தேன், அதப் பாத்து அவுகளே பேர எழுதிக்கிட்டாக. போன வாரம் டாக்டரு, "ஒரு ஊசிதானம்மா?"ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.

...உங்கிட்டச் சொன்னா என்னா, நீதேன் வாயத் தொறக்க முடியாதே. ரெண்டு.

அப்புடிப் பாக்காத! ஊசி போட்டா ஆளுக்கொரு பிளாஸ்டிக்குக் கொடம் குடுத்தாக ஆத்தா. நல்ல கனமான கொடம், செவப்பு. எங்கூருல ஊருக்கே ஒரு கொழாய், அதுலயும் ரெண்டு நாளைக்கொருக்காத்தேன் தண்ணி. வரிசையில எத்தன கொடமோ அத்தன தண்ணி. ஓட்டு லிஸ்ட்ட வச்சுப் பேரு பேராக் கூப்புட்டாக. எனக்குப் போட்டாச்சு. கொஞ்ச நேரத்துல "சோலையம்மாள்"ங்குறாக. அவ மக வீட்டுக்குத் தேவிபட்டணம் போயிட்டா. ஆளில்லாத கொடம் அங்கன உக்காந்து என்னயவே பாக்குது... முக்காட்டப் போட்டுக்கிட்டு அடுத்த கையக் காட்டிட்டேன். கொடமும் வந்துச்சு, அவ பேருல ஒரு அட்டயும் வந்துச்சு.

சாயங்காலம் அவ ஓடியாந்து கேட்டா, "உனக்குப் போட்டாச்சு, போ"ன்னுட்டாக. அன்னையிலருந்து, கொடத்த எவ தூக்குனான்னு தெருத்தெருவா வையிறா. நானும் கூடச் சேந்து வஞ்சேன். சந்தேகம் வரக்கூடாதுல்ல! இப்ப டாக்டருகிட்ட நெசத்தச் சொன்னா அவரு பாத்து மருந்து குடுப்பாரு. ஆனா சமாச்சாரம் வெளிய வந்துச்சு... மொளப்பாரிக் கும்மியில என்னய வச்சே பாட்டுக் கட்டிப்புடுவா அவ! ஊரே கைதட்டிப் பாடும்!

யாரு... யாரக் கூப்புடுறாக? சோலையம்மாளா? அடியாத்தி! இங்கனயும் வந்துட்டாளா? எங்கன இருக்கா? நீ கொஞ்சம் மறச்சு உக்காரு... யாரும் எந்திரிக்கலையே. திரும்பவும் கூப்புடுறாக...

ஏத்தா, நீ படிச்ச புள்ளதான? இந்தா, சுருக்குப் பையில இன்னொரு அட்ட இருக்கு. ரெண்டும் ஒரே பச்ச... இதுல என்னா பேரு? வலிச்சாலும் பரவால்ல, சொல்லு... பூமயிலா?

போச்சு! அப்ப சன்னல்ல குடுத்தது...

சிரிக்காத, பல்லு வலிக்கும்! இந்தா வாரேன் நர்சம்மா, வாரேன்! நாந்தேன்... நாந்தேன் சோலையம்மா! ஆத்தா காளி, கடசியில என்னய அவளாவே ஆக்கிப்புட்டியே! இனி இந்தக் கழுத்து கொணமானாலும், அவ கழுத்துல்ல கொணமாகும்!