அழகுமலைக்கு ஒரு துணைக் கிளி

கிளி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, வீட்டில் ஏற்கெனவே இருப்பதன் குணத்தை. என் வில்லாவில் ஏற்கெனவே அழகுமலை இருந்தான்.

கலீலுர் ரஹ்மான் சார், மேனேஜர் என்ற முறையில் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எதையும் மறைக்கவில்லை. வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே எல்லாம் புரியும்.

அழகுமலை மேலூர்ப் பக்கத்து ஆள். 2002-இல் இங்கே அமீரகத்துக்குக் கொத்தனாராக வந்தான். அஜ்மான் கேம்பில் நாற்பது பேர் டியூட்டி முடிந்து சுருண்டு கிடக்கும்போது, இவன் மட்டும் ஆடு திருடியவனும் போலீஸ்காரரும் பேசிக்கொள்வதை இரண்டு குரலில் நடித்துக் காட்டுவான். சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். பாஸ்போர்ட்டுகளை வைத்திருப்பதும், யாரை எங்கே போடுவது என்று பார்ப்பதும் என் பொறுப்பு. அவனை என் வில்லாவுக்குச் சமையலுக்கு மாற்றிக்கொண்டேன். ஒரே வாரத்தில் பழகிவிட்டான்.

2004 மார்ச்சில் லீவு வந்தது. அவன் இங்கே வந்த பிறகு பிறந்த மகளை அவன் இன்னும் பார்த்ததில்லை. லீவு ஃபாரத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டான். விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீலும் அன்றைக்கே கையெழுத்திட்டு, தேதி போட்டு, நீல முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். டிக்கெட்டும் வந்தது. பாஸ்போர்ட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் என் டிராயரில் வைத்தேன்.

ஊருக்குப் போகிறவர்களில் பலர் திரும்புவதில்லை. இது உங்களுக்கே தெரியும். ஃபாரம் கஃபீல் கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அவனே பயணத்தைத் தள்ளிப் போட்டான் என்று ஆபீசுக்கு எழுதினேன். டிக்கெட் காலாவதியாகாமல் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தும் வைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

ஒன்றரை வருடம் நன்றாகத்தான் இருந்தான். பிறகு குரல் குறைந்துபோனது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி பூவாயியிடம் போனில் பேசிவிட்டு வந்து உட்கார்ந்து, முன்னங்கை முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். பறவை வளர்ப்புப் புத்தகத்தில் இது தெளிவாக இருக்கிறது. தனிமையில் வாடும் கிளி தன் இறகைத் தானே பிடுங்கும். அதற்குத் துணை தேவை.

ஷார்ஜா பறவைச் சந்தையில் மூன்று வாரம் அலைந்தேன். சாம்பல் கிளி அருமையாகப் பேசும், ஆனால் ஒருவரிடம்தான் ஒட்டும். அது நானாக இருந்துவிட்டால் என்ன பயன். கொக்கட்டீல் என்ற கொண்டைக் கிளியின் உடம்பிலிருந்து மாவு போலத் தூள் உதிரும், அழகுமலைக்குத் தும்மல் உண்டு. கடைசியில் லவ்பேர்டை எடுத்தேன். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது பட்ஜி, அது வேறு. இது ஆப்பிரிக்காவின் குட்டைவால் கிளி. கையால் ஊட்டி வளர்த்த குஞ்சை ஒற்றையாக வாங்கினால், மனிதனையே ஜோடியாக நினைத்துக்கொள்ளும். சட்டைப் பைக்குள் தூங்கும், பொத்தானைக் கடித்து விளையாடும், காதோரம் வந்து கொஞ்சும். கடைக்காரர் ஆண் என்றார். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நம்பி வாங்கிவிட்டேன்.

பலன் உடனே தெரிந்தது. அழகுமலை அதற்குக் கஃபீல் என்று பெயர் வைத்தான். ஒரு துண்டுப் பேப்பரை அதன் முன்னால் நீட்டி, "ஏ கஃபீலு, இன்னைக்காச்சும் கையெழுத்துப் போடுய்யா" என்பான். அது ஓடி வந்து கடிக்கும். எனக்கு மறுபடி வயிறு வலித்தது.

இந்த இனத்துப் பெண் பறவை கூடு கட்டும் விதம் ரசிக்கத் தக்கது. தையல் போட்டதுபோலக் காகிதத்தின் ஓரத்தை வரிசையாகக் கடித்து, நீளப் பட்டையாகக் கிழிக்கும். அதை அலகில் தூக்கிப் போகாது. வாலுக்கு மேலே இடுப்பு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். ஆண் அநேகமாக இதைச் செய்வதில்லை.

போன மாதம் என் டிராயர் லேசாகத் திறந்திருந்தது. அழகுமலை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கிளி அவன் தோளில் வந்து உட்கார்ந்தது. இடுப்பில் நான்கு காகிதப் பட்டைகள். ஒன்றை உருவிப் பார்த்தான். அவனுடைய தமிழ்க் கையெழுத்து, பக்கத்தில் நீல முத்திரை.

"துரையண்ணே, இது கையெழுத்துக்குப் போயிருக்குன்னீகளே."

"வந்துருச்சு," என்றேன்.

"எப்ப?"

முத்திரையிலேயே தேதி இருந்தது. இரண்டே முக்கால் வருடத்துக்கு முந்தைய தேதி.

"எம்மக போன்ல என்னைய யாருன்னு கேக்குதுண்ணே."

அடுப்பை அணைத்தான். கிளியைக் கூண்டில் விட்டுத் தண்ணீர் வைத்தான். டிராயரிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் நடந்து வந்துவிட்டான். முந்தாநாள் அவன் ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார்கள்.

வில்லாவின் கதவை நான் ஒருநாளும் பூட்டியதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்று பரிசோதிக்காமல் வாங்கியது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது கிளி சரியாகச் சாப்பிடுவதில்லை. நெஞ்சிறகைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டது. என்னிடம் ஒட்டவில்லை. அடுத்த மாதம் சென்னையிலிருந்து புதிதாகப் பதினான்கு பேர் வருகிறார்கள் என்று அறிந்தேன். அவர்களில் கலகலப்பான, நல்ல குணமுள்ள ஒருவனை நானே பார்த்துத் தேர்ந்தெடுக்க அனுமதிக்க வேண்டுகிறேன். டிராயருக்குப் பூட்டுப் போட்டாயிற்று.